எத்தியோப்பிய ஓட்டக்காரிகளில் தெரார்து துலு ஏன் முக்கியமானவர்?

ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற எத்தியோப்பிய வீரர் அபெபே பிகிலாவைத் தெரியும், தெரார்து என்ன சாதித்தார் என்று கேட்கிறீர்கள். நிறையவே.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் தங்கம். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண் இவர்தான். கடைசிச் சுற்றில் இவர் முந்தியது தென்னாப்பிரிக்காவின் எலனா மேயரை. நிறவெறிக் கொள்கையால் விலக்கப்பட்டிருந்த அந்த நாடு, 1960-க்குப் பிறகு கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. ஓட்டம் முடிந்ததும் வெள்ளையரான மேயரும் இவரும் கைகோத்து மைதானத்தை வலம் வந்தார்கள். பதக்கத்தைவிட அதைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் 1998-இல் மகள் பிறந்தாள். பலர் அத்தோடு ஒதுங்கியிருப்பார்கள். இவர் 2000 சிட்னியில் அதே ஓட்டத்தில் மறுபடி தங்கம் வாங்கினார். 2004 ஏதென்ஸில் வெண்கலம்.

என்னைக் கேட்டால், 2009 நியூயார்க் மாரத்தான்தான் உச்சம். 37 வயதில், 2 மணி 28 நிமிடம் 52 விநாடியில் முதலிடம்! அப்போது மாரத்தான் உலக சாதனையாளராக இருந்த பவுலா ராட்கிளிஃப் அன்று நான்காவது.