மாணவர் குழு அமைத்தால் கேலி நிற்குமா?

கேள்வி: குளச்சல் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. மகன் தக்கலையில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ‘மீன் நாறுது’ என்று மூக்கைப் பொத்திக் கேலி செய்கிறார்கள். சோற்றுப் பாத்திரத்தை ஒளித்து வைக்கிறார்கள். பள்ளியில் மாணவர் குழு அமைக்கப் போகிறார்களாம். பயிற்சிக்குத் தலைக்கு 300 ரூபாய். பலன் இருக்குமா?

பதில்: குழுவில் யாரைச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் பலன் இருக்கிறது, 300 ரூபாயில் இல்லை.

வழக்கமாக முதல் ரேங்க் பிள்ளை, வகுப்புத் தலைவன், டீச்சருக்கு வேண்டியவன், இவர்களை வைத்தே குழுவை முடித்துவிடுவார்கள். பின்பெஞ்சு அவர்களை ஒற்றர்களாகத்தான் பார்க்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. யாரோடு அதிகம் பழகுகிறாய் என்று எல்லாப் பிள்ளைகளையும் கேட்டார்கள். மாணவர் குழு இயங்கிய பள்ளிகளில் சண்டை சச்சரவுப் புகார்கள் ஓராண்டில் 30 சதவீதம் குறைந்தன. பலரும் பெயர் சொன்ன பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த இடங்களில் பலனும் கூடியது. அந்தப் பிள்ளை சேட்டைக்காரனாகக்கூட இருக்கலாம். அவன் மூக்கைப் பொத்தாவிட்டால் மற்றவர்களும் நிறுத்துவார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க, யாரோடு அதிகம் பழகுகிறாய் என்று எழுதி வாங்கும் ஒரு துண்டுச் சீட்டும் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். ஒரு நாள் மைக் பிடித்துப் பேசி, எல்லாரையும் அழவைத்து, சான்றிதழ் கொடுத்துப் போகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். அடுத்த மாதம் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், பதில் இருக்காது. பள்ளிகளுக்கும் அது வசதி: போட்டோ எடுத்துக் கோப்பில் வைத்தால் கடமை தீர்ந்தது. புகார்ப் பெட்டியும் அப்படித்தான். தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

ஒன்றை மட்டும் அந்த அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. கேலியைத் தடுத்த பிள்ளைகளுக்கு அங்கே கைப்பட்டை கொடுத்துப் பாராட்டினார்கள். நம் தென்மாவட்டங்களில் கையில் வண்ணக் கயிறு என்றால் சாதி. ஆரல்வாய்மொழி தாண்டினால் நாங்குநேரி. 2023-இல் அங்கே பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. நல்ல நோக்கமாக இருந்தாலும் பட்டை, கயிறு, பேட்ஜ் எதுவும் வேண்டாம். நிறம் எது என்பதிலேயே புதுச் சண்டை பிறக்கும். பாராட்டு வாய்ச்சொல்லாக இருக்கட்டும்.

அடி, மிரட்டல், உடலைத் தொடுதல் என்று போனால் அது பிள்ளைகள் தீர்க்கிற விஷயம் இல்லை. ‘குழு விசாரிக்கும்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.