மாணவர்கள் தரும் மதிப்பீட்டை விரிவுரையாளர்கள் மதிக்கிறார்களா?

பருவ முடிவில் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தை யாராவது படிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கிறோம். நாற்பது பேர் பாராட்டியிருந்தாலும், ஒருவர் எழுதிய 'செம போர்' தான் ராத்திரி தூங்கவிடாது.

ஆனால் படிவங்களிலிருந்து வரும் சராசரி மதிப்பெண்ணை விரிவுரையாளர்களான எங்களில் பலர் முழுதாக நம்புவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இணையவழி வகுப்பு எடுத்த ஓர் ஆணும் பெண்ணும் சில பிரிவுகளில் தங்கள் அடையாளத்தை மாற்றிக்கொண்டார்கள். திருத்திய வேலைகளை எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பித் தந்தார்கள். ஆனாலும் 'காலதாமதமின்றித் தருகிறார்' என்பதற்கு மாணவர்கள் ஆண் என்று நினைத்தவருக்கு 5-க்கு 4.35, பெண் என்று நினைத்தவருக்கு 3.55! சின்ன ஆய்வுதான், ஆனால் பெண் விரிவுரையாளர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

வேலை உறுதியும் பதவி உயர்வும் இந்த எண்ணில் தொங்கும்போதுதான் கசப்பு வருகிறது. தற்காலிகப் பணியில் இருப்பவர் கறாராகத் திருத்தப் பயப்படுவார். கனடாவின் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பிக்கும் திறனை அளக்க இந்தப் படிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-இல் ஒரு நடுவர் தீர்ப்பே வந்தது.

சரி, அப்போ எழுதுவது வீணா? இல்லை. 'பலகையின் கீழே எழுதுவது கடைசி வரிசைக்குத் தெரியவில்லை' என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். போய் உட்கார்ந்து பார்த்தேன், நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் அதற்குள் பருவம் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் பாதிப் பருவத்திலேயே ஒரு துண்டுச் சீட்டில் கேட்டுவிடுகிறேன்.