புது இசைத்தட்டில் கரகரப்பு: கடைக்காரர் கைகழுவ முடியுமா?

கேள்வி: திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் சென்ற வாரம் சுமார் 3,000 ரூபாய்க்குப் புதிய எல்.பி. இசைத்தட்டு ஒன்று வாங்கினேன். வீட்டில் போட்டால் பாட்டின் பின்னணியில் ஓயாமல் பொரிகிற சத்தம் கேட்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் ‘டக், டக்’ என்று அடிக்கிறது. “இசைத்தட்டு என்றால் இரைச்சல் இருக்கும், பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார் கடைக்காரர். கேரளத்தில் வாங்கியதற்கு நான் இங்கிருந்து என்ன செய்யலாம்?
– வாசகர், களியக்காவிளை

பதில்: ஊசி பள்ளத்தில் உராய்ந்து ஓடுவதால், நன்றாக அச்சான தட்டிலும் பாட்டுகளுக்கு இடைப்பட்ட மௌனத்தில் மெல்லிய இரைச்சல் கேட்கும், அந்த அளவில் கடைக்காரர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வேறு சத்தங்கள். அவற்றைப் பிரித்தறியாமல் கடைக்குப் போனால், துடைத்தால் போகிற ஒன்றைக் காட்டி, போகாத மற்றொன்றையும் அவர் தள்ளிவிட வாய்ப்புண்டு.

பொரிகிற சத்தத்துக்குப் பெரும்பாலும் தூசியும் நிலைமின்னும் காரணம். தட்டு பி.வி.சி.யால் ஆனது என்பதால், காகித உள்ளுறையிலிருந்து உருவும்போதே மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுத்துக்கொள்கிறது. காகிதத் துகள்களும் பள்ளத்தில் ஒட்டிக்கொள்கின்றன. நம் பகுதியின் ஈரக்காற்றில் நிலைமின் அவ்வளவாகத் தொல்லை தராது என்றாலும், ஏ.சி. அறையில் அது கூடும். சுழலும் தட்டின் மேல் கார்பன் இழைத் தூரிகையை லேசாக வைத்து எடுங்கள். போதாவிட்டால், காய்ச்சி வடித்த நீரில் சற்றே நனைத்த மென்துணியால், நடுவிலுள்ள லேபிள் நனையாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே துடையுங்கள். முழுக்க உலர்ந்த பிறகே உறையில் இடவேண்டும். ஈரத்தோடு மூடினால் நம் ஊரில் பூஞ்சை பிடிக்கும். (வீட்டில் தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகள் இருந்தால், அவற்றின் மேல் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.) ஊசி முனையில் தூசி திரண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

‘டக், டக்’ சத்தத்தைக் கடிகாரத்தோடு கேளுங்கள். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடுவதால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி ஆகும். சத்தம் அதே இடைவெளியில் வந்தால், அடுத்தடுத்த பள்ளங்களில் ஒரே இடத்தில் கீறலோ அச்சுக் குறையோ ஒட்டிய பொருளோ இருக்கிறது என்று பொருள். துடைத்த பிறகும் அது மாறாவிட்டால், குறை தட்டிலேயே இருக்கிறது. அச்சிடும்போது பி.வி.சி. பள்ளத்தை முழுக்க நிரப்பாவிட்டால் துணி கிழிவது போன்ற சத்தம் எழும். நடுத்துளை மையம் விலகியிருந்தால், நாதஸ்வரத்தின் நீண்ட கார்வைகூட அலைந்து ஒலிக்கும். இவை எதையும் துடைத்துத் தீர்க்க முடியாது.

“உங்கள் பிளேயரில்தான் கோளாறு” என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதே பிளேயரில் வேறொரு நல்ல தட்டை ஓட்டி, தொடர்ந்து இதையும் ஓட்டி, இடையே நிறுத்தாமல் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். பிரித்த தட்டு என்பதும் மறுப்பதற்குக் காரணமாகாது. பிரித்து ஓட்டினால்தானே குறை காதுக்குத் தெரியும்!

குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே அந்த நாட்களுக்குள் படத்தையும் பில்லின் நகலையும் இணைத்து, குறை இன்னதென்று விளக்கிக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் தீராவிட்டால், வாங்கியது கேரளத்தில் என்றாலும், நுகர்வோர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அதே சட்டம் இடமளிப்பதால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நீங்கள் அணுகலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

கடைக்காரர் மாற்றுத் தட்டு தர இசைந்தால், அதைக் கடையிலேயே ஓட்டிக் கேட்டு வாங்குங்கள். ஒரே அச்சில் வந்த தட்டுகளில் அதே இடத்தில் அதே குறை இருக்கக்கூடும். இருந்தால், மூன்றாவது தட்டுக்குக் காத்திராமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.