"ப்ளூ சுவேட் ஷூஸ்" எல்விஸ் பிரெஸ்லி பாட்டுதானே? நண்பர் யாரோ கார்ல் பெர்கின்ஸ் என்கிறாரே?

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. இந்நேரம் அவரோடு வாதாடி முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, போய் ஒப்புக்கொண்டு விடுங்கள். எழுதியது, முதலில் பாடியது, அந்தப் பதிவில் கிடார் வாசித்தது எல்லாமே கார்ல் பெர்கின்ஸ்தான். இந்த ஒரு கேள்வியால் கோப்பையை இழந்தவள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

1998 பிப்ரவரி, கோவையில் கல்லூரிகளுக்கு இடையிலான விநாடி வினா, இறுதிச் சுற்று. இரண்டு அணிகள் சம புள்ளியில் நிற்கின்றன. "ப்ளூ சுவேட் ஷூஸ் பாடலை முதலில் பதிவு செய்தவர் யார்?" என்று கேட்டார்கள். கேள்வி முடிவதற்குள் பஸ்ஸரை அழுத்திவிட்டேன். கார்ல் பெர்கின்ஸ் என்றேன். "தவறு" என்றார் நடத்தியவர். எதிரணி எல்விஸ் என்றது, பத்துப் புள்ளிகள் அவர்களுக்கு. நான் விடவில்லை. வீட்டில் கேசட் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். நடுவர் ஒருவர், "எல்லாருக்கும் தெரிஞ்சது எல்விஸ்தானேம்மா, விடு" என்றார். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. எல்லாருக்கும் தெரிந்தது எது என்றா கேட்டார்கள்? முதலில் பதிவு செய்தது யார் என்றுதானே கேட்டார்கள்?

அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். சிங்கப்பூரிலிருந்து கேசட்டுகள் வாங்கி வருவார். உறைக்குள் இருக்கும் தாளை வெளியே எடுத்து, யார் எழுதியது, யார் வாசித்தது என்று படித்துவிட்டுத்தான் பாட்டைப் போடவே விடுவார். கார்ல் பெர்கின்ஸ் என்ற பெயர் எனக்கு அப்படித்தான் தெரியும். அவர் இறந்தது அதே 1998, ஜனவரி 19-ஆம் தேதி. போட்டிக்குச் சில வாரங்கள் முன்னால்தான் அந்தச் செய்தியை அப்பா எனக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

சரி, கதைக்கு வருகிறேன். பெர்கின்ஸ் 1932-இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் டிப்டன்வில் பக்கம் பிறந்தவர். குத்தகைக்குப் பயிர் செய்த ஏழை வெள்ளைக்காரக் குடும்பம். சின்ன வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். சுருட்டுப் பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் வைத்து அவருடைய அப்பா செய்து கொடுத்ததுதான் முதல் கிடார். கற்றுக்கொடுத்தவர் ஜான் வெஸ்ட்புரூக், அதே வயலில் வேலை செய்த கறுப்பினப் பெரியவர். பெர்கின்ஸ் அவரை 'அங்கிள் ஜான்' என்றே கடைசிவரை நினைவுகூர்ந்தார். வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாட்டும் கறுப்பர்களின் புளூஸ் இசையும் அந்த மாதிரி வயல்களில்தான் கலந்தன. பெர்கின்ஸ் வாசித்த ராக்கபில்லி என்ற இசை வகை அந்தக் கலவைதான்.

பாட்டுக்கான பொறியைக் கொடுத்தவர் கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ். கேஷ் விமானப்படையில் இருந்தபோது கூட இருந்த ஒருவர், அரசாங்கம் கொடுத்த சாதாரண ஷூவைத்தான் "என் நீல சுவேட் ஷூ, மிதிச்சிடாதே" என்பாராம். இதை வைத்து ஒரு பாட்டு எழுதேன் என்றார் கேஷ். பெர்கின்ஸுக்கு அப்போது பிடிபடவில்லை. அப்புறம் 1955 டிசம்பரில், ஜாக்ஸன் ஊரில் ஒரு நடன நிகழ்ச்சிக்கு வாசித்துக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே ஒரு பையன், தன்னோடு ஆட வந்த பெண்ணைப் பார்த்து, ஷூவை மிதிக்காதே என்று அதட்டுகிறான். அத்தனை அழகான பெண் பக்கத்தில் நிற்க, இவனுக்கு ஷூ கவலையா என்று பெர்கின்ஸுக்குத் தாங்கவில்லை. அன்று தூக்கம் வராமல் நடுராத்திரியில் எழுந்து, உருளைக்கிழங்கு வந்த பழுப்புக் காகிதப் பையில் பாட்டை எழுதினார். சுவேட் என்ற சொல்லுக்கு எழுத்துக்கூட்டுக்கூடச் சரியாகத் தெரியவில்லை. தேய்த்து மென்மையாக்கிய தோல் அது, அழுக்குப் பட்டால் லேசில் போகாது. காசைச் சேர்த்து ஒரே ஒரு நல்ல ஷூ வாங்கியவனுக்கு அந்தப் பதற்றம் இருக்கத்தானே செய்யும்? என்னை அடி, என்னைப் பற்றித் தப்பாகப் பேசு, ஷூவை மட்டும் மிதிக்காதே என்கிற வரிகளை வெறும் வேடிக்கை என்று என்னால் கேட்க முடிவதில்லை.

டிசம்பர் 19-ஆம் தேதி மெம்ஃபிஸ் நகரத்தில், சாம் பிலிப்ஸ் நடத்திய சன் ஸ்டுடியோவில் பதிவானது. அண்ணன் ஜே ரிதம் கிடார், தம்பி கிளேட்டன் பாஸ், குழுவில் இருந்த ஹாலண்ட் என்பவர் டிரம்ஸ். 1956 ஜனவரியில் வெளிவந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பாப், கண்ட்ரி, ரிதம் அண்ட் புளூஸ் என்று மூன்று இசை வகைகளின் வெற்றிப் பட்டியல்களிலும் ஒரே நேரத்தில் மேலே ஏறியது.

மார்ச்சில் நியூயார்க் தொலைக்காட்சியில் பெரி கோமோ நிகழ்ச்சியில் பாடக் காரில் போனார்கள். வழியில், டெலவேர் மாநிலத்தின் டோவர் ஊர் அருகே, கார் ஒரு டிரக்கில் மோதியது. டிரக் ஓட்டியவர் இறந்துபோனார். தண்ணீரில் குப்புற விழுந்து கிடந்த பெர்கின்ஸை ஹாலண்ட்தான் இழுத்து வெளியே போட்டார். அண்ணனுக்குக் கழுத்து முறிவு. 1958-இல் அந்த அண்ணனும் மூளைக் கட்டியால் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 3-ஆம் தேதி எல்விஸ் மில்டன் பெர்ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதே பாட்டைப் பாடும்போது, எழுதியவர் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தார்.

எல்விஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எல்விஸ் திருடினார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அவர் ஜனவரி 30-ஆம் தேதியே பதிவு செய்துவிட்டார், விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெர்கின்ஸின் தட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தவரை அதைத் தனித் தட்டாக வெளியிடவும் இல்லை. எல்விஸின் குழுவினர் மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் இருவரும் சன் ஸ்டுடியோவில், கேஷ், இன்னொரு பாடகர் ஜெர்ரி லீ லூயிஸோடு சேர்ந்து உட்கார்ந்து பாடினார்கள். சண்டை அவர்களுக்குள் இல்லை. எனக்குச் சண்டை "எல்லாருக்கும் தெரிஞ்சது" என்கிற பேச்சோடுதான். பீட்டில்ஸ் குழு பெர்கின்ஸின் மூன்று பாடல்களைப் பதிவு செய்திருக்கிறது. பெர்கின்ஸின் இறுதிச் சடங்கில் அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வந்து பாடினார். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இப்போது பாட்டுச் செயலியில் தமிழ்ப் பாட்டுப் போட்டால் படத்தின் பெயர் இருக்கிறது, நடிகர் படம் இருக்கிறது. எழுதியவர் பெயரைப் பல பாடல்களில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பாடல் போட்டிகளிலும் "இன்னார் பாடின பாட்டு" என்பதோடு சரி. ஒரு பெயரைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? அப்பா உயிரோடு இருந்திருந்தால் பொறுத்திருக்க மாட்டார்.

இன்று இரண்டையும் கேட்டுப் பாருங்கள், முதலில் பெர்கின்ஸ். ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்குவார் இல்லையா, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று, கிடாரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். எல்விஸ் அங்கே நிற்கவே மாட்டார், வேகமாக ஓடிவிடுவார். எனக்கு அந்த நிற்கிற இடம்தான் பாட்டு.