நிருபர் வேலையை விட்டு பி.ஆர். (மக்கள் தொடர்பு) பக்கம் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. மதுரையில் ஒரு தமிழ் நாளிதழில் ஆறு வருடமாக நிருபராக இருக்கிறேன். சம்பளம் இன்னும் 24 ஆயிரத்தைத் தாண்டவில்லை. இப்போது இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்று, ஒரு கட்சிப் பிரமுகருக்கு மீடியாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதம் 50 ஆயிரம் என்கிறார்கள். இன்னொன்று, சென்னையில் ஒரு பி.ஆர். ஏஜென்சி, 38 ஆயிரம். எதற்குப் போவது? என் இங்கிலீஷ் சுமார்தான். ‘விலை போய்விட்டாள்’ என்று கூட வேலை பார்த்தவர்கள் பேசுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: கடைசியில் சொன்ன பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பேசுவார்கள். என்னையும் பேசினார்கள். ஒரு வருடம் போனதும் அதில் இரண்டு பேர் போன் செய்து, “உங்க ஆபீஸ்ல ஏதாவது வேலை இருக்கா?” என்று விசாரித்தார்கள். எனவே ஊர் வாயை விடுங்கள். ஆனால் அந்தப் பயத்துக்குள் நியாயமான ஒரு கேள்வியும் இருக்கிறது: எதை விட்டுக்கொடுத்தால் அது உண்மையிலேயே விலை போவது?

பி.ஆர். தொழிலின் முன்னோடி என்று சொல்லப்படும் ஐவி லீ, உங்களைப் போல நிருபராக இருந்தவர்தான், நியூயார்க்கில். 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ரயில், பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்ததில் 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். விபத்தென்றால் மூடி மறைப்பதுதான் அந்தக் காலத்து ரயில் கம்பெனிகளின் வழக்கம். லீ நடந்ததை எழுதி, கம்பெனி பெயரிலேயே பத்திரிகைகளுக்குக் கொடுக்க வைத்தார். இன்று உங்கள் மெயிலில் வந்து குவிகிற பிரஸ் நோட்டுக்கெல்லாம் மூதாதை அதுதான் என்பார்கள். எட்டு வருடம் கழித்து, கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது கூடாரங்கள் எரிந்து பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுரங்க முதலாளி ராக்பெல்லர் தரப்புக்கு வேலை பார்த்தவரும் இதே லீதான். சங்கத் தலைவர்களின் சம்பளம் என்று அவர் வெளியிட்ட தொகைகள் ஊதிப் பெருக்கியவை. முதலாளிகள் தந்ததைத்தான் போட்டேன், சரிபார்க்கவில்லை என்று விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

இரண்டு வேலையையும் செய்தவர் ஒரே ஆள். யார் எண்ணைக் கொடுத்தாலும் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கம் இன்று உங்களிடம் இருக்கிறது. அதைப் புது ஆபீஸ் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிடாதீர்கள்.

சரி, கட்சி வேலை. ஒரு தேர்தல் சீசன் முழுக்க நான் இதைச் செய்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வியூகம் மாதிரி தெரியும். உள்ளே போனால் பாதி நேரம் பெயர் வரிசைக்கே சரியாகிவிடும். ஒரு நாள் பிரஸ் நோட்டில் ஒன்றியச் செயலாளர் பெயரை நகரச் செயலாளருக்குப் பின்னால் போட்டுவிட்டேன். இரவு பதினொன்றரைக்கு போன், வசவு. மறுநாள் பேப்பரைப் பார்த்தால், டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்துகிற இடத்தில், இரண்டு பெயரையும் வெட்டிவிட்டு ‘கட்சி நிர்வாகிகள் உள்ளிட்டோர் கலந்துகொண்டனர்’ என்று முடித்திருந்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வசவு.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. தேர்தல் நேரத்தில் டிவியில் அரசியல் விளம்பரம் போட, தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவின் (எம்.சி.எம்.சி.) முன்சான்று வேண்டும். வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் பேப்பரில் விளம்பரம் போட்டால் அதற்கும் வேண்டும். காசு கொடுத்துச் செய்தி போட வைத்தது பிடிபட்டால் அந்தத் தொகை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். சிக்கல் வந்தால், “மீடியாவை அந்தப் பொண்ணுதான் பார்த்துச்சு” என்று கை உங்கள் பக்கம் நீளும். பிரஸ் மீட் முடிந்ததும் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கிற வேலையும் அநேகமாக உங்கள் தலையில்தான் விழும். நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு நீங்கள் கவர் நீட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

அந்த 50 ஆயிரத்தை யார் தருகிறார்கள் என்றும் கேளுங்கள். பிரமுகர் சொந்தப் பணத்திலிருந்து என்றால் நியமனக் கடிதமும் இருக்காது, பி.எஃப்.பும் இருக்காது. தோற்றால் முதலில் நிற்பது உங்கள் சம்பளம்தான். ஜெயித்தால் அவரைச் சுற்றி வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆனால் கட்சி முத்திரை மட்டும் உங்கள் மேலேயே இருக்கும். திரும்பப் பத்திரிகைக்கு வருவது கஷ்டம்.

ஏஜென்சி மட்டும் புனிதமா என்றால், இல்லை. நான் இருந்த இடத்தில் மாதக் கடைசியில் பேப்பர் கட்டிங்கை ஸ்கேலால் அளந்து, சதுர சென்டிமீட்டரை விளம்பர ரேட்டால் பெருக்கி, ‘உங்களுக்கு இத்தனை லட்ச ரூபாய் மதிப்புள்ள செய்தி வந்திருக்கிறது’ என்று கிளையண்ட்டிடம் நீட்டுவோம். 2010-இல் பார்சிலோனாவில் இந்தத் துறைக்காரர்களே கூடி, இது அளவுகோலே அல்ல என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஸ்கேலைக் கீழே வைக்க மனசு வராத இடங்கள் உண்டு.

அங்கே எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: எதையும் எழுத்தில் வைத்தாக வேண்டும். பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி, பங்கு விலையை அசைக்கக்கூடிய செய்தியை முதலில் சந்தைக்குச் சொல்லிவிட்டுத்தான் நிருபருக்குச் சொல்ல வேண்டும். காலாண்டு ரிசல்ட்டின் பிரஸ் நோட் உங்கள் கணினியில் தயாராகிறது என்றால் நீங்களும் உள்விவரம் தெரிந்தவர்தான். அது வெளிவருவதற்கு முன் வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது, அந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. 2024 டிசம்பரிலிருந்து, சந்தை மதிப்பில் முதல் 250 கம்பெனிகளுக்கு இன்னொரு விதியும் இருக்கிறது. முக்கிய ஊடகத்தில் வந்த வதந்தியால் பங்கு விலை பெரிதாக ஆடினால், 24 மணி நேரத்துக்குள் ஆம், இல்லை அல்லது விளக்கம் என ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘நோ கமெண்ட்ஸ்’ என்று சொல்லித் தப்பிக்கிற காலம் அவர்களுக்குப் போய்விட்டது.

இங்கிலீஷைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். தெளிவாக ஒரு மெயில் எழுதவும், ஒரு ஆண்டறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வந்தால் போதும்; ஆறு மாதத்தில் வந்துவிடும். ஏஜென்சியில் ஆள் கிடைக்காதது தமிழுக்குத்தான். ‘தீர்வுகளை வழங்குவதில் முன்னணி வகிக்கும் இந்நிறுவனம் மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது’ என்று ஆரம்பிக்கும் பிரஸ் நோட் உங்களுக்கும் வந்திருக்கும், நீங்களும் முதல் வரியிலேயே மூடியிருப்பீர்கள். பேப்பரில் திண்டுக்கல் செய்திப் பக்கம் எத்தனை மணிக்கு முடியும், படத்தில் இடமிருந்து வலம் பெயர் இல்லாவிட்டால் டெஸ்க்கில் எப்படி எரிச்சல் படுவார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. சென்னையில் பிறந்து இங்கிலீஷில் வளர்ந்தவருக்கு இது தெரியாது.

என்னைக் கேட்டால் ஏஜென்சி. ஆனால் 38-க்கு அல்ல, 45 கேளுங்கள். சென்னையில் வாடகை கொடுத்து, மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தால் கையில் நிற்பது மதுரைச் சம்பளம்தான்.

சேர்ந்த முதல் வாரத்தில் “உங்க மீடியா லிஸ்ட்டை ஷேர் பண்ணுங்க” என்பார்கள். ஆறு வருடமாகச் சேர்த்த நண்பர்களின் நம்பர்கள் அவை. ஆபீஸ் நம்பர்களைக் கொடுங்கள். மற்றவர்களிடம், “உங்க நம்பரைக் கொடுக்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.