கட்டுரையைத் திரும்பப் பெறவும் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: வேளாண்மையில் பிஎச்.டி. செய்கிறேன். மக்காச்சோளத்துக்கான தழைச்சத்து அளவு பற்றிய என் கட்டுரையை ஒரு ஏஜென்ட் மூலம் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. சந்தேகம் வந்து, வேண்டாம் என்றேன். 'வித்ட்ராயல் ஃபீஸ்' கட்டினால்தான் விடுவார்களாம். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. வேறு இதழுக்கு அனுப்பலாமா?

பதில்: ஒரு காசும் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த மெயிலில் இன்னொரு கட்டணம் வரும். கையெழுத்துப் போடாததால் கட்டுரை இன்னும் உங்களுடையதுதான்.

தலைப்பு, கட்டுரை எண், அனுப்பிய தேதி மூன்றையும் குறிப்பிட்டு, "திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதியில்லை" என்று எழுதுங்கள். கெய்டு, இணை ஆசிரியர்கள் எல்லோருக்கும் நகல் போகட்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதன்பின் வேறு இதழுக்கு அனுப்பும்போது, நடந்ததை முகப்புக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பிய பழி உங்கள் மேல் விழும். மீறி அவர்கள் வெளியிட்டுவிட்டால் உங்கள் மெயில்தான் சாட்சி.

கட்டுரையைப் படித்த வல்லுநரின் கருத்து என்று அவர்கள் அனுப்பிய மதிப்புரையை எடுத்துப் பாருங்கள். 'நல்ல கட்டுரை, இலக்கணம் திருத்தவும்' என்று இரண்டு வரிதான் இருக்கும். வயல் ஆய்வு தெரிந்தவர் படித்திருந்தால் ஒரே சோதனையை எத்தனை பாத்திகளில் திரும்பச் செய்தீர்கள் (ரெப்ளிகேஷன்), ஒரு பருவமா இரண்டா, விதைக்கும் முன் மண்ணில் தழைச்சத்து எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார். 2013இல் ஜான் போஹனான் என்ற அறிவியல் செய்தியாளர் வேண்டுமென்றே பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

பணம் வாங்கும் இதழெல்லாம் மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுக்க இதழ்களில் பல, கட்டுரையாளரிடம்தான் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் தொகை எவ்வளவு என்று முன்கூட்டியே தளத்தில் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட பிறகே கேட்பார்கள். வருமானம் குறைந்த நாட்டினருக்குத் தள்ளுபடியும் பல இதழ்களில் உண்டு. கட்டணமே வாங்காத திறந்த இதழ்களும் இருக்கின்றன. தரம் பார்த்துச் சேர்த்த திறந்த இதழ்களின் பட்டியலான டிஓஏஜேயில் தேடிப் பாருங்கள்.

ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஒரு தரவுத்தளம். 'ஸ்கோபஸ் கேரண்டி' என்று சொல்லும் ஏஜென்டை அந்த நிமிடமே விட்டு விலகுங்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. ஒருகாலத்தில் ஸ்கோபஸில் இடம்பெற்று, பிறகு நீக்கப்பட்ட இதழின் பெயரைக் காட்டுவார்கள். நல்ல இதழின் பெயரையும், இதழுக்குரிய அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. டிஓஐ எண் இருப்பதும் தரச் சான்று ஆகாது, அது கட்டுரைக்குத் தரும் வெறும் அடையாள எண். ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் இதழைத் தேடுங்கள், எந்த ஆண்டுவரை சேர்த்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டை வாங்குவோம் என்று பல்கலைக்கழகங்கள் கழுத்தைப் பிடிக்கும்வரை இந்த ஏஜென்டுகளுக்குக் குறைவிருக்காது. இரண்டு பருவம் வெயிலில் நின்று எடுத்த தரவைப் படித்துப் பார்க்க ஆளில்லை, எண்ணிக்கையை மட்டும் எண்ணுகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

இன்னொன்றை இன்றே பாருங்கள். ஏஜென்டுகள் பெரும்பாலும், இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் 'தொடர்பு ஆசிரியர்' இடத்தில் தாங்களே உருவாக்கிய மெயில் முகவரியைப் போடுவார்கள். அப்படியிருந்தால் லாகின், பாஸ்வேர்டை வாங்கி உங்கள் முகவரிக்கு மாற்றுங்கள். ஆசிரியர் பட்டியலில் முன்பின் தெரியாத பெயர் நுழைந்திருந்தால், மாற்றுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கெய்டிடம் கொடுங்கள்.