குடலைக் கழுவினால் மலச்சிக்கல் தீருமா?

கேள்வி: வயது 41. வீடு தாராவியில், வேலை அந்தேரியில். காலை ஆறரை மணி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மலம், அதுவும் முக்கி முக்கி. தினமும் ராத்திரி நிலாவரைப் பொடி சாப்பிட்டேன்; இப்போது அதுவும் கேட்பதில்லை. குழாய் வைத்துப் பெருங்குடலைக் கழுவினால் பல வருட அழுக்கு போய்விடும் என்கிறார் தோழி. செய்யலாமா?
- வாசகி, தாராவி

பதில்: தயவுசெய்து வேண்டாம். கொலோனோஸ்கோபிக்காக முதல் நாள் பேதி மருந்து குடித்தவரின் குடலைக் கேமராவில் பார்த்தால், சுவர் வழவழவென்று இளஞ்சிவப்பாக இருக்கும். பல வருட அழுக்கு எதுவும் அதில் அப்பியிருப்பதில்லை. கழுவும்போது சில சமயம் குழாய் குத்திக் குடல் ஓட்டையாகிவிடும். உடம்பின் உப்புச் சமநிலையும் கெடலாம். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு இது பெரிய ஆபத்து.

பெருங்குடல் ஓயாமல் தண்ணீரை உறிஞ்சும். ரயில் அவசரத்தில் மலத்தை அடக்கினால் அது உள்ளேயே காய்ந்து கெட்டியாகும். அடக்கிப் பழகினால் நாளடைவில் அந்த உணர்வே மங்கிவிடும். அரை மணி முன்னதாக எழுந்து, வெந்நீர் குடித்து ஏதாவது சாப்பிடுங்கள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும்; அடுத்த அரை மணிதான் நல்ல நேரம். பொதுக் கழிப்பறையில் வரிசை இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், முக்கவும் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால், முட்டி இடுப்பைவிட உயரும்படி பாதத்தின் கீழ் ஒரு சின்ன முக்காலி.

பாவ் ரொட்டி (பன்) வெறும் மைதா. அதற்குப் பதில் சோள பாக்ரி (சோளமாவு ரொட்டி), மாலையில் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல், தோலோடு ஒரு கொய்யா. முதல் வாரம் இதில் பாதி போதும். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும்.

நிலாவரை குடலைத் தூண்டிவிட்டு வேலை வாங்கும் மருந்து. தினசரிப் பழக்கத்துக்கு ஆகாது. இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து, பிறகு நிறுத்துங்கள். கூடவே இசப்கோல் (தண்ணீரில் உப்பிக் கூழாகும் நார்ச்சத்து உமி): ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன், கூழாகும் முன் மடமடவென்று குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் மலத்தைக் கட்டும். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், எடை இறக்கம், ரத்தசோகை இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றைக்கே.

கேள்வி: இசப்கோலைப் பாலில் கலந்து குடிக்கிறேன். வயிறு உப்புகிறதே?
- வாசகர், செம்பூர்

பதில்: ஒரு வாரம் அதே அளவைத் தண்ணீரில் குடியுங்கள். உப்புசம் அடங்கினால் காரணம் பாலாக இருக்கலாம். பாலின் சர்க்கரை பலருக்குச் செரிப்பதில்லை. அடங்காவிட்டால் அரை டீஸ்பூனுக்கு இறங்கி, வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் கூட்டுங்கள்.